பெண்பிள்ளைகள் வாசல்

எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்கு வாசல் இல்லை. சுவர் இருந்தது, ஓட்டுக் கூரை இருந்தது, கம்பி போட்ட யன்னல் இரண்டு இருந்தன. வாசல் மட்டும் அடுத்த வீட்டுக்காரியிடம் இருந்தது.

தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கரையோரச் சனமெல்லாம் எழும்பி உள்ளுக்கு வந்தபோது, நானும் மகளும் முள்ளியவளையில் ஒருவருடைய மாமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி மூன்று மாதம் கிடந்தோம். அந்த நேரம்தான் உப்புநீர்க் களப்பங்கரையில் இருந்த பழைய வேதப் பள்ளிக்கூடத்தை வீடுகளாகப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்ற கதை வந்தது. வெள்ளைக்காரச் சுவாமிமார் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கட்டடம். சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. பிள்ளைகள் கூடி இடம் போதாமல் பள்ளிக்கூடம் தெருப்பக்கம் போன பிறகு, அது பல வருடம் வௌவாலுக்கு விட்டுக் கிடந்தது. வாடகை கொடுக்க வழியில்லாத எட்டுக் குடும்பங்களுக்கு அதில் வீடு என்றார்கள். ஓடு மாற்றுவதற்கென்று மாதம் ஏதோ சிறு தொகை கட்டினால் போதுமாம், விரும்பின காலம் வரை இருக்கலாமாம். வீடு என்ற சொல்லைக் கேட்டுத்தான் நாங்கள் பெயர் கொடுத்தோம். தறப்பாளுக்குள் கிடந்தவர்களுக்கு அந்தச் சொல் போதும்.

பிரித்துக் கொடுக்கிற வேலையைப் பங்குச் சுவாமி மாஸ்டரிடம் விட்டிருந்தார். மாஸ்டர் அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்து, தலைமை ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். பள்ளிக்கூடத்தின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகமும் எழுதி அச்சடித்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனை. அவர் கதைக்கும்போது நாங்கள் வகுப்பில் இருப்பது போல இருக்க வேண்டும். ஒருவர் இருமினாலும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

கட்டடத்தில் நாலு வகுப்பறை. ஒவ்வொன்றும் விறாந்தையில் இருந்து களப்புப் பக்கம் வரை நீண்டு கிடக்கும். வகுப்புக்கு ஒரு வாசல், அதுவும் விறாந்தைப் பக்கம். மாஸ்டர் ஒவ்வொரு வகுப்பையும் நடுவில் குறுக்கே மறித்தார். தோள் உயரத்துக்குக் களிமண் கல், அதற்கு மேல் சாக்கு. அரசாங்கம் தடை போட்டுச் சீமெந்தைக் கண்ணால் காண முடியாத காலம் அது. முன்பாதி ஒரு குடும்பத்துக்கு, பின்பாதி இன்னொரு குடும்பத்துக்கு. பின்பாதியில் இருப்பவர்கள் முன்பாதிக்குள்ளால் நடந்துதான் வெளியே போக வேண்டும். மூன்று வகுப்பில் இது பிரச்சினையாக வரவில்லை. அண்ணன் முன்னுக்கு, தம்பி பின்னுக்கு. தாய் முன்னுக்கு, மகள் பின்னுக்கு என்று சொந்தக்காரராகப் பார்த்துப் போட்டிருந்தார். மிஞ்சிய நாலாவது வகுப்பில், ஒட்டும் உறவும் இல்லாத எங்களையும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு புருசன் பெண்சாதியையும் போட்டார். பின்பாதி எங்களுக்கு.

அந்த மனுசிக்கு ஐம்பது வயதிருக்கும், என்னிலும் பத்து வயது குறைவு. ஊரில் கல்வீட்டையும் வெங்காயத் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள். சைவம். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத ஆட்கள். வாசலைத் தாண்டியவுடன் வலப்பக்கச் சுவரில் முருகன் படம் மாட்டி விளக்கு வைத்திருந்தாள். நாங்கள் வேதக்காரர், மீன் விற்கிறவர்கள். விடியப்புறம் களப்பில் வலை இழுக்கிறவர்களிடம் திரளி, மணலை, இறால் என்று படுவதை வாங்கி, நான் கடகத்தில் சுமந்து பக்கத்துக் குடிமனைகளில் விற்பேன். மகள் சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி முள்ளியவளைப் பக்கம் போவாள். விற்று மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புப் போடுவோம். என் மனுசன் செத்த நாளில் இருந்து அதுதான் எங்கள் சீவியம்.

மீன் கடகத்தோடு இன்னொருத்தியின் சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை தரம் நடக்கலாம்? மாஸ்டர் அதை யோசிக்கவில்லை. அவருக்கு வகுப்பும் கணக்கும் சரியாக வந்தது.

முதல் நாள் நான் கடகத்தோடு உள்ளே நடந்து, சாக்கை விலக்கி எங்கள் பக்கம் போனேன். பின்னால் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். செம்பில் மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு, என் கால் பட்ட இடமெல்லாம் குனிந்து குனிந்து தெளித்துக்கொண்டு வந்தாள். ஒரு அடியையும் தவறவிடவில்லை.

என் மகளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என்னுடைய வாயையும் சேர்த்து அவள்தான் கொண்டு பிறந்தவள்.

“அக்கா, மஞ்சள் கிடைக்காத காலம். எங்கட காலுக்கு ஊத்தாமக் கறிக்குப் போடுங்கோவன்,” என்றாள்.

“உங்கட கால் சுத்தமெண்டா நான் ஏன் ஊத்திறன்?”

“அப்ப நாங்கள் பறந்தே போறது?”

“பறப்பியளோ நீந்துவியளோ, அது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமையில அந்தக் கடகம் இந்த வாசலுக்குள்ள வரப்படாது. சொல்லிப்போட்டன்.”

நான் மகளின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சண்டையில் என்னுடைய பங்கு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கடகத்தை வெளியில் நின்றே யன்னல் கம்பியில் கட்டிவிட்டு, வெறுங்கையோடு விறாந்தையால் வருவேன். உள்ளே வந்து யன்னலுக்குள்ளால் கையை விட்டு மீனை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நான் சுற்றி வருவதற்குள் காகம் கண்ணைக் கொத்திவிடும். ஒரு தரம் நாய் கயிற்றைக் கடித்துக் கடகத்தோடு இழுத்துக்கொண்டு போனது. விறாந்தையில் நிறுத்துகிற மகளின் சைக்கிளுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் காற்றுப் போயிருக்கும். முள் குத்தவில்லை. வால்வைத் திறந்து விட்டிருப்பார்கள்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. அவள் பின்னேரம் விளக்குக் கொளுத்துகிற நேரம் பார்த்து மகள் நெத்தலிக் கருவாடு பொரிப்பாள். தோளுக்கு மேல் சாக்குத்தானே. மணம் அந்தப் பக்கம் போய் முருகனைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அவள் இருமுவாள், அவளுடைய மனுசன் யன்னலைத் திறப்பார். வாய் திறவாத மனுசி என்று ஊரெல்லாம் என்னைச் சொல்லும். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து பனையோலை விசிறியால் அந்தப் புகையைச் சாக்குப் பக்கம் தள்ளியது நான்தான்.

எங்களுக்கென்று ஒரு வாசல் இருந்தால் இதொன்றும் தேவையில்லை. வாசல் இருந்தது என்றும் எனக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது அந்தக் கட்டடத்தில்தான். கலியாணம் கட்டித்தான் கரைக்குப் போனேன். என்னுடைய காலத்தில் பெடியன்கள் விறாந்தையால் வருவார்கள், பெண்பிள்ளைகள் களப்புப் பக்கத்து ஒற்றையடிப் பாதையால் வந்து பின்வாசலால் உள்ளே வர வேண்டும். மாறி வந்தால் முழங்காலில் நிற்க வேண்டும். நான் ஒருநாள் நின்றிருக்கிறேன். அந்தப் பின்வாசல், இப்போது எங்களுக்குத் தந்த பாதியின் பின்சுவரில், இரண்டு யன்னலுக்கும் நடுவில் இருந்தது. கன்னியாஸ்திரிகள் பெண்பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் தொடங்கியதும் அதை அடைத்துப் பூசிவிட்டார்கள் என்று, கலியாணம் கட்டிப்போன பிறகு கேள்விப்பட்டேன்.

குடிவந்த முதல் கிழமையே மகளிடம் சொன்னேன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பாளர் கூட்டத்துக்குப் போய்விட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் விறாந்தையில்.

“மாஸ்டர், எங்கட பின்சுவரில பழைய வாசல் ஒண்டு அடைச்சுக் கிடக்குது. அம்மா படிக்கேக்க அதாலதான் வந்தவா. அதைத் திறந்துவிட்டா அவைக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.”

மாஸ்டர் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?”

“அஞ்சு,” என்றாள் மகள்.

“அவவைக் கேட்டனான்.”

“அஞ்சு,” என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன ஒரே சொல்.

“நான் இஞ்ச முப்பது வருசம் படிப்பிச்சனான். இந்தக் கட்டடத்தின்ர வரலாற்றை எழுதினவன். நாலு வகுப்பு, நாலு வாசல், பதினாறு யன்னல். அஞ்சாவது வாசலை நீர் எந்தப் புத்தகத்தில வாசிச்சனீர்?”

இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பாதி மனுசி சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“வாசல் இல்லாத ஆக்களுக்கு வாய் மட்டும் வடிவாத் திறக்குது,” என்றாள்.

“இது நூறு வருசத்துச் சுவர்,” என்றார் மாஸ்டர். “ஒரு கல்லை இழுத்தா ஓடு முழுக்க உங்கட தலையிலதான். ஆரும் இந்தச் சுவரில அலவாங்கு வைச்சா அண்டைக்கே வீட்டை விட்டு எழுப்புவன். பிறகு என்னட்ட வந்து அழக்கூடாது.”

நான் படிப்பை விட்டு எட்டு வருடத்துக்குப் பிறகு அங்கே படிப்பிக்க வந்தவர் அவர். அடைத்த வாசலை அவர் காணவில்லை. அது அவருடைய பிழையில்லை. தான் காணாததை இல்லை என்று சொன்னாரே, அதைத்தான் நான் இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை. அதைவிட மோசம், கொஞ்ச நாளில் எனக்கே ஐமிச்சம் வந்துவிட்டது. சுவரைத் தடவிப் பார்ப்பேன். எல்லா இடமும் ஒரே வழுவழுப்பு. நான் முழங்காலில் நின்றது வேறு ஏதும் கட்டடத்திலோ என்று யோசித்தேன்.

மாரி வந்தது. இரண்டு கிழமை விடாமல் பெய்தது. ஒரு பின்னேரம் மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றவள் கூப்பிட்டாள்.

“எணை அம்மா, இஞ்ச வாங்கோ. சுவர் வேர்க்குது.”

இரண்டு யன்னலுக்கும் நடுவில், நிலத்தில் இருந்து ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு ஈரம் பிடித்திருந்தது. கீழே நேராக, மேலே வளைவாக, ஆரோ கரித்துண்டால் கீறி நிறம் தீட்டியது போல. அதற்கு வெளியே சுவர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

களப்பங்கரையில் பிறந்த எவருக்கும் அது விளங்கும். களப்பு மணலை அள்ளியவுடன் கட்டுவேலைக்குப் போடக்கூடாது. ஒரு மாரி முழுக்க வெளியில் குவித்து வைத்து, உப்புக் கழுவுப்பட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். அவசரக்காரர் அப்படியே கலந்துவிடுவார்கள், கிட்டத்தில் கிடக்கிற மணல்தானே என்று. கோடையில் ஒன்றும் தெரியாது. மழை பெய்து காற்றில் ஈரம் ஏறினால் உப்பு அதை இழுத்துக்கொண்டு வேர்க்கத் தொடங்கும். சுவாமிமார் கட்டிய சுவர் வேர்க்கவில்லை. வாசலை அடைத்தவர்கள் கட்டிய பகுதி மட்டும் வேர்த்தது.

மகள் குடை இல்லாமலே ஓடிப்போய் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் முன்பாதிக்குள்ளால் செருப்போடு நடந்து வந்தார். அவருக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கவில்லை. சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தார். இரண்டு பேனையையும் ஒருக்கால் தொட்டுப் பார்த்தார்.

“கூரை ஒழுக்கு,” என்றார்.

“ஒழுக்கு வளைவு கீறிக்கொண்டே ஒழுகும், மாஸ்டர்?”

“தண்ணிக்கு அதின்ர வழி தெரியும்.”

“அம்மாவுக்கும் தெரியும். நீங்கள்தான் கேக்கிறியள் இல்லை.”

“பிள்ளை, வாயைக் குறையும். சுவரில கை வைச்சா அடுத்த நாள் உங்களுக்குத் தறப்பாள்தான். மாமரம் இப்பவும் அங்கதான் நிக்குது.”

மாமரத்தின் கீழ் மாரி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதனால் நான் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தேன். பொறுமையை முறித்தது முன்பாதியின் தாழ்ப்பாள்.

விடியப்புறம் வலைக்காரர் கரைக்கு வருகிற நேரம் நாங்கள் அங்கே நிற்க வேண்டும். அதற்கு முன்பாதிக்காரர் எழும்பித் தாழ்ப்பாளைத் திறந்து விட வேண்டும். முந்தி முணுமுணுத்துக்கொண்டாவது திறந்துவிடுவாள். மாஸ்டர் வந்து போன பிறகு, நாங்கள் கூப்பிடக் கூப்பிடக் குறட்டை விட்டாள். முழித்துக்கொண்டு விட்ட குறட்டை. நாங்களாகத் திறந்தால், “களவெடுக்க வாறியளோ?” என்று அவளுடைய மனுசன் எழும்பி நின்றார். மூன்று நாள் அடுத்தடுத்துப் பிந்திப் போனோம். மூன்றாம் நாள் வலைக்காரர், “அக்கா, நீங்கள் இனி வருவியளோ தெரியாதெண்டு மீனை வேற சைக்கிள்காரனுக்குக் குடுத்திட்டம். நாளைக்கும் அவன்தான்,” என்றார். வெறுங்கடகத்தோடு திரும்பி நடந்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை.

ஞாயிறு காலை மகள் பூசைக்கு வெளிக்கிட்டாள். எனக்குக் காய்ச்சல் குணம் என்று சொன்னேன். கலியாணம் கட்டின நாளில் இருந்து, பிள்ளைப்பேற்றைத் தவிர, நான் ஞாயிறு பூசை விட்டதில்லை. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். மற்ற வேதக்காரக் குடும்பங்களும் போய்விட்டன. நான் கிணற்றடியில் கிடந்த இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து, முன்பாதிக்குள்ளால் சீலைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவடியில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வளைவுக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில் முதல் குத்துக் குத்தினேன். சுண்ணாம்புப் பூச்சுப் பெரிய அப்பளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே செங்கல். செங்கலுக்கு நடுவில் சாந்து நனைந்த மாவைப் போல இருந்தது. அலவாங்கு தேவைப்படவில்லை என்றே சொல்லலாம். நுனியை விட்டுக் கிண்டினால் கல் கையோடு வந்தது.

சாக்குக்கு மேலால் அவளுடைய தலை வந்தது.

“என்ன செய்யிறியள்? ஐயோ, கூரை விழப்போகுது. எங்களையும் சேத்துக் கொல்லப்போறியளோ?”

நான் கல்லை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

“உங்களைத்தான் கேக்கிறன். காது கேக்கேல்லையோ? இண்டைக்கே உங்களைப் பெட்டி கட்டுவிக்காட்டிப் பாருங்கோ.”

அவள் ஓடினாள். நேரே எங்கள் வேதக் கோயிலுக்கு. சைவக்காரி, பூசை நடக்கிற நேரம் கோயில் வாசலில் நின்று “மாஸ்டர், மாஸ்டர்” என்று கையைக் காட்டினாளாம். முன் வரிசை வாங்கில் இருந்த மாஸ்டர் நற்கருணைக்கு எழும்பினவர், அப்படியே திரும்பி நடந்தாராம். மகள் சொல்லித்தான் தெரியும். சனம் முழுக்க அவருக்குப் பின்னால் வந்தது. சுவாமியும் பூசையை முடித்துக்கொண்டு அங்கியோடு வந்தார்.

அவர்கள் வந்தபோது நான் வெளியில், களப்புப் பக்கம் நின்றேன். இடித்த ஓட்டைக்குள்ளால் நடந்து வந்து நின்றேன். தலையெல்லாம் சுண்ணாம்பு. ஓடு ஒன்றும் விழவில்லை.

“உம்மட சாமானைக் கட்டும்,” என்றார் மாஸ்டர். “இப்பவே. சுவாமிக்கு முன்னால சொல்லுறன்.”

சுவாமி ஓட்டைக்குக் கிட்டப் போனார். மேலே கையை வைத்துத் தடவினார். செங்கல் வளைவு, பழைய காலத்து வேலை, அப்படியே நின்றது. சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தது அதுதான். பிறகு காலால் மண்ணை ஒதுக்கினார். கல்லுப் படி தெரிந்தது, நடுவில் தேய்ந்து.

“மாஸ்டர், படி இருக்கு. இது வாசல்தானே.”

“அடைச்ச வாசல் வாசல் இல்லை, சுவாமி.”

“இப்ப திறந்து கிடக்குதே,” என்றார் சுவாமி. ஆட்கள் சிரித்தார்கள், இந்த முறை வேறு ஆளைப் பார்த்து. சுவாமி என் பக்கம் திரும்பினார். “பூசைக்கு வராமச் சுவர் இடிச்சனீங்கள் என்ன. அதுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்கோ. வீட்டில இருங்கோ.”

நான் தலையை ஆட்டினேன். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லவில்லை. அதைப் பாவம் என்று நான் நினைக்கவில்லை.

மாஸ்டர் பிறகு என்ன செய்தார் என்றால், மிஞ்சிக் கிடந்த தன் புத்தகப் பிரதிகளில் ஒரு துண்டுக் கடுதாசி அச்சடித்து ஒட்டினார். பின்புறத்தில் பெண்பிள்ளைகளுக்கான ஐந்தாவது வாசல் ஒன்றும் இருந்தமை ஆசிரியரால் ஆராய்ந்து அறியப்பட்டது என்று. பார்க்க வருகிறவர்களை எங்கள் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வந்து, பிரம்பால் வளைவைத் தொட்டுக் காட்டுவார். நான் உள்ளே மீன் வெட்டிக்கொண்டு இருப்பேன். எனக்கு வணக்கம் கூடச் சொன்னதில்லை.

மகள் பள்ளிக்கூடத்துப் பழைய கரும்பலகை ஒன்றைத் தேடிப் பிடித்து, பிணைச்சல் போட்டு அந்த வாசலுக்குக் கதவாக்கினாள். உள்ளே குறுக்குக் கட்டை. முன்பாதி மனுசன் அன்று பின்னேரமே நடுவில் இருந்த வழியைத் தகரம் வைத்து ஆணி அடித்து மூடினார். “இனி உங்கட நாத்தம் உங்களோட,” என்றாள் அவள் அந்தப் பக்கம் நின்று. முதல் நாள் நான் கதவைச் சாத்திக் கட்டையைப் போட்டேன், எடுத்தேன், திரும்பப் போட்டேன். மகள் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “காணுமணை, தேஞ்சு போகப்போகுது,” என்றாள்.

கிணறும் கக்கூசும் கட்டடத்துக்குப் பின்னால், களப்புப் பக்கம். முன்பாதிக்காரர் எல்லாரும் விறாந்தையால் இறங்கி, கட்டடத்தின் நீளம் முழுக்க நடந்து, மூலையால் திரும்பித்தான் போக வேண்டும். மற்ற மூன்று வகுப்புக்காரருக்கும் அப்படித்தான். எங்கள் வாசல் திறந்த பிறகு, எங்களுக்கு மட்டும் அது பத்து அடி. நாலாம் வகுப்பு, சுற்ற வழியில்லாமல் வேலி அடைத்த எதிர்ப்பக்க மூலையில் இருந்தபடியால் எங்கள் முன்பாதிக்குத்தான் தூரம் கூட.

அடுத்த மாரியில் அவளுடைய மனுசனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு வயிற்றோட்டம். பெரிய உடம்பு, தோட்டம் கொத்தின உடம்பு, நாலு நாளில் உருகிப் போனது. வெளியில் மழை. கட்டடத்தின் மூலையில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. அரை மணிக்கு ஒரு தரம் அவரைப் பிடித்துக்கொண்டு அவள் சுற்றி நடப்பாள்.

காய்ச்சலின் இரண்டாம் நாள் மத்தியானம் தகரத்தில் தட்டினாள்.

“அக்கா.”

அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். மகள் எழும்பினாள். நான் கையைக் காட்டி அவளை இருத்தினேன்.

“அக்கா, இந்தத் தகரத்தைக் கழட்டுறன். இவர் சுகமாகிற வரைக்கும் உங்கட வாசலால ஒருக்காப் போய் வர விடுங்கோ. அவராலை நடக்க ஏலாமக் கிடக்குது. கும்பிட்டுக் கேக்கிறன்.”

நான் தகரத்துக்குக் கிட்டப் போனேன். எங்களுக்கு நடுவில் அந்தத் தகரத்தின் தடிப்புத்தான். அவள் மூச்சு விடுவது கேட்டது.

“ஏலாது,” என்றேன்.

“அம்மா,” என்றாள் மகள்.

“ஏலாது,” என்று அவளுக்கும் சொன்னேன்.

“வருத்தக்காரனணை,” என்றாள் மகள் திரும்பவும். “மூண்டு நாளைக்கு. நான் அவரைப் பிடிச்சுக்கொண்டு போறன், நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்.”

“தகரம் அவையடிச்சது. அவையே வைச்சிருக்கட்டும்.”

அந்தப் பக்கம் அவள் மனுசனை எழுப்புகிற சத்தம், விறாந்தைக் கதவு திறக்கிற சத்தம். மகள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு காலமும் எனக்காகச் சண்டை பிடித்தவள், ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கரும்பலகைக் கதவைத் திறந்து மழைக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள். அவரை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் பெண்சாதியும் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார்கள். என் யன்னலடியால்தான் போக வேண்டும். மூன்று பேரில் ஒருவரும் உள்ளே பார்க்கவில்லை.

மூன்று நாள் அப்படி நடந்தது. மகள் வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், எழும்பிப் போவாள். என்னோடு ஒரு சொல் இல்லை. அந்த ஆள் சுகமாகிவிட்டார். சாகவில்லை. அடுத்த வருடம் கிளிநொச்சிப் பக்கம் குளத்துக் காணியில் சொந்தக்காரர் இடம் கொடுத்து, அவர்கள் எழும்பிப் போனார்கள். போகும்போது அவள் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னைக் கடந்து நடந்தாள்.

ஏன் திறக்கவில்லை என்று மகள் இன்றைக்கும் இடைக்கிடை கேட்பாள். முதலில் வருத்தக்காரன் வருவான், பிறகு குடம் வரும், பிறகு உடுப்புத் தோய்க்கிற சட்டி வரும், அது திரும்பவும் நாலு பேர் நடக்கிற பாதையாகும், வாசல் என்று எனக்கு ஒன்று மிஞ்சாது என்று சொல்லுவேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. “அக்கா” என்ற சொல்லைக் கேட்டபோது எனக்குள் ஒரு இனிப்பு ஓடியது. அந்த இனிப்பை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அந்த மூன்று நாளும் அவர்கள் விறாந்தையில் இறங்குகிற சத்தம் கேட்டவுடன் நான் செபமாலையை எடுத்துக்கொண்டு தகரத்தடியில் இருந்துவிடுவேன். சுற்றிப் போய்த் திரும்பி வந்து அந்த ஆளைக் கிடத்துவதற்குள், அருள் நிறைந்த மரியே பதினாறு தரம் சொல்லி முடியும். சில நேரம் பதினெட்டு. மழை கூடினால் இருபதும் போகும். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன், எழும்பிப் போய் ஆணியைக் கழற்றவில்லை.